கீழே ஒரு மேசை

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, பத்து நாள் விடுப்புக் கழித்து பெர்சிஸ் வேலைக்குத் திரும்பிய திங்கட்கிழமை, அலுவலகத்தில் அவளுடைய மேசை இல்லை. மேசை மட்டுமல்ல, பீரோ, பெஞ்சு, சுவரில் தொங்கிய வசனக் காலண்டர் எதுவும் இல்லை. கீழ்த்தளம் வெறிச்சென்று கிடந்தது. இரண்டு பேர் தரையில் குந்தி டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தூசி வாசல்வரை பறந்தது.

"எல்லாம் மாடிக்குப் போயிட்டு தங்கச்சி," என்றார் அலுவலக உதவியாளர் பாபநாசம். "போன புதன்கிழமை ஏத்துனோம். பவள விழாவுக்குக் கீழ ஹால் கட்டுதாங்களாம். ஒங்கிட்ட யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. பெர்சிஸ் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரிலிருந்து இறங்கிய களைப்பே இன்னும் ஆறாமல் வாசலில் நின்றாள். இடது காலில் தொடைவரை இரும்பும் தோலுமாகக் கேலிப்பர். வலது கக்கத்தில் கட்டை. தோளில் சாப்பாட்டுப் பை. மாடிப்படியை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இருபத்தோரு வருடமாக அந்தக் கட்டிடத்துக்கு வருகிறாள். அந்தப் படியில் அவள் கால் வைத்ததே இல்லை.

கிருபாலயம் கல்விச் சங்கத்துக்குப் பதினோரு பள்ளிகள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து புன்னக்காயல்வரை, ஆறு போகிற வழியெல்லாம் ஒன்றிரண்டு உண்டு. அத்தனைக்கும் தலைமை அலுவலகம் பாளையங்கோட்டையில். பெர்சிஸ் அங்கே ஓய்வூதியப் பிரிவு எழுத்தர். எந்த ஆசிரியர் எந்த ஆண்டில் எந்தப் பள்ளியில் சேர்ந்தார், யாருடைய பணிப்பதிவேட்டில் எந்தப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பதெல்லாம் பீரோவைத் திறக்காமலே அவளால் சொல்ல முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாசலில் வந்து நின்று முதலில் கேட்பது, "பெர்சிஸ் இருக்காளா?" என்பதைத்தான்.

படிகள் இருபத்து நான்கு. பன்னிரண்டில் ஒரு திருப்பம். கைப்பிடி அந்தத் திருப்பம்வரைதான். அதற்கு மேல் வெறும் சுவர். வலது காலை முதலில் தூக்கி வைத்து, கட்டையை ஊன்றி, இடுப்பைச் சுண்டி இடது காலை மேலே இழுக்க வேண்டும். அன்று மேலே போய்ச் சேரப் பத்து நிமிடமானது. நாற்காலியில் உட்கார்ந்தபோது தோள்பட்டையிலிருந்து முழங்கைவரை நடுங்கியது. கணினியை உடனே தொடவில்லை. நடுக்கம் அடங்கட்டும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசைப் பொன்செல்வி, "மேல காத்து நல்லா வருது, பாத்தீங்களாக்கா?" என்றாள். காற்று நன்றாகத்தான் வந்தது.

ஒரு வருடத்துக்கு முன்பே தோள்வலிக்காக மருத்துவரிடம் போயிருந்தாள். அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சின்ன வயசுல வந்த போலியோ இந்த வயசுல மறுபடியும் வேலையைக் காட்டும்மா. நாப்பது வருசமா கால் செய்ய வேண்டியதைத் தோள் செஞ்சிருக்கு. இருக்கதைச் சிக்கனமாப் புழங்குங்க," என்றார். சிக்கனமாகத்தான் புழங்கினாள். மார்க்கெட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது உட்கார்ந்தே இருந்தாள். துணி காயப்போட வாசலிலேயே தாழ்வாகக் கொடி கட்டினாள். அப்படிச் சிறுகச் சிறுக மிச்சம் பிடித்ததெல்லாம் இப்போது காலையில் ஒரு தடவை ஏறுவதற்குள் தீர்ந்து போனது.

ஏறுவதைவிட இறங்குவது பயம். இறங்கும்போது கேலிப்பர் போட்ட கால் முன்னே போக வேண்டும். அதன் பூட்டு நழுவினால் பிடிக்க ஒன்றுமில்லை. அதனால் ஒரு நாளைக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் என்று கணக்காக வைத்துக்கொண்டாள். பெண்கள் கழிப்பறை கீழே, கட்டிடத்துக்குப் பின்னால் இருந்தது. மாடியில் ஆண்களுக்கு மட்டும் ஒன்று. எனவே காலையில் காப்பியை நிறுத்தினாள். பிறகு தண்ணீரை நிறுத்தினாள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வாய், மாத்திரை விழுங்க ஒரு வாய், அவ்வளவுதான். ரசம் வேண்டாமென்று அம்மாவிடம் சொன்னாள்.

"ரசம் இல்லாம எப்படிட்டி சோறு எறங்கும்?" என்றாள் அம்மா ஜெபகனி. எழுபத்து நான்கு வயது. ஒரு கண்ணில் இன்னும் பச்சைத் துணி.

"எறங்குதும்மா."

"தண்ணியாவது குடிக்கியா?"

"குடிக்கேன்."

அக்டோபர் கடைசியில் காய்ச்சல் வந்தது. அடிவயிற்றில் எரிச்சல். மருத்துவமனையில் டாக்டர் பெண் ஒருத்தி, "தண்ணி குடிக்கதே இல்லையா? நாள் பூரா அடக்கி வைக்கீங்களா?" என்று கேட்டாள். பெர்சிஸ் ஆமென்று தலையாட்டினாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சீட்டில் மூன்று மாத்திரை எழுதி, கீழே 'நிறையத் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதி அடிக்கோடு இட்டுக் கொடுத்தாள்.

காய்ச்சல் விட்ட மறுநாள் செயலாளர் எபனேசரின் அறைக்குப் போனாள். எபனேசர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கெட்ட மனிதர் அல்ல. பெர்சிஸின் அப்பா இறந்தபோது விக்கிரமசிங்கபுரம்வரை வந்து, அடக்க ஆராதனை முடிகிறவரை வெயிலில் நின்றவர். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சார், எனக்கு மட்டும் கீழ ஒரு மேசை போட்டுத் தந்தா நல்லாருக்கும்."

"கீழ ஹால்லாம்மா வருது. எங்கன போட?"

"பின்னால ஒரு ரூம் இருக்கு, பழைய பெஞ்சு கெடக்குது பாருங்க. அது போதும்."

"அதுல நாற்காலி அடுக்கணும்னு தாளாளர் சொல்லிட்டாரே." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஒங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தா முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கிடலாம். யாரும் தப்பாச் சொல்லமாட்டாங்க. அம்மாவையும் பாத்துக்கிடலாம்."

"எனக்கு இன்னும் பதிமூணு வருசம் இருக்கு சார்."

"அதுவும் சரிதான்." அவர் குரல் கனிந்தது. "நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்க தெனம் அந்தப் படியில ஏறி வாரதைப் பாக்கும்போது எங்களுக்கெல்லாம் கண்ணு கலங்குது. நீங்க ஒரு சாட்சிம்மா. பவள விழாவுல நீங்க அஞ்சு நிமிசம் பேசணும். கர்த்தர் ஒங்களை எப்படி நடத்துனார்னு. பிள்ளைகளுக்கு அது ஒரு தன்னம்பிக்கை."

மேசை கேட்டு வந்தவளுக்கு மேடை கிடைத்திருந்தது.

சாட்சி என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. அவளுக்குப் பதினொரு வயதாகும்போது ஊர் மைதானத்தில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. அப்பா நூல் மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, அவளை சைக்கிள் கேரியரில் வைத்து அழைத்துப் போனார். கடைசி நாள் அம்மா அவளை மேடைக்கு முன்னால் கொண்டு நிறுத்தினாள். வெளியூர்ப் பிரசங்கியார் அவள் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபித்துவிட்டு, கட்டையைப் பிடுங்கித் தூர வீசி, "நட, மகளே" என்றார். ஆயிரம் பேர் அல்லேலூயா சொன்னார்கள். அவள் ஒரு எட்டு வைத்தாள். விழுந்தாள். வாய்க்குள் மண். பிரசங்கியார் அடுத்த ஆளிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது அப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். அம்மாதான், "விசுவாசம் பத்தலை" என்றாள். யாருடைய விசுவாசம் என்று சொல்லவில்லை. தன்னுடையதுதான் என்று பெர்சிஸ் எடுத்துக்கொண்டாள். அந்தப் பழியைக் கீழே இறக்கி வைக்க அவளுக்கு இருபது வருடம் பிடித்தது.

அப்புறம் எத்தனையோ மனு எழுதினாள். பேருந்துப் படி உயரம் என்று ஒன்று. வங்கி வாசலில் சாய்தளம் வேண்டுமென்று ஒன்று. அடையாள அட்டை புதுப்பிக்கப் போன இடத்தில், "இந்தக் கால் இனி சரியாயிருமா என்னன்னு பாக்கணும், நடந்து காட்டுங்க" என்ற ஊழியரைப் பற்றி ஒன்று. எழுதி அனுப்பியதற்கெல்லாம் பதில் வந்தது: 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' சின்ன வயதில் அவளுக்கு இருந்த பெயர் நொண்டி. பள்ளியில் ஊனமுற்றவர். வேலைக்குச் சேர்ந்த பிறகு மாற்றுத்திறனாளி. பெயர் மாறியதெல்லாம் நல்லதுதான். ஆனால் அவள் போகிற இடத்தில் படி அப்படியேதான் இருந்தது. நாற்பத்தேழு வயதில் இன்னொரு மனு எழுத அவளுக்குத் தெம்பில்லை.

நவம்பரில் ஒருநாள் மழைவிட்ட காலையில் கீழிருந்து பாபநாசத்தின் குரல் கேட்டது. "தங்கச்சி, நேசையா சார் வந்திருக்காவ. மேல வர முடியாதுங்காவ."

நேசையா அவளுக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். எண்பத்தொரு வயது. போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயர் தப்பாக இருந்தது. பணிப்பதிவேட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும். அவர் கையெழுத்து அவள் முன்னால் போட வேண்டும். பதிவேட்டைக் கீழே அனுப்பலாம் என்றால், எந்தப் பக்கம், எந்த வரி என்று அவளுக்குத்தான் தெரியும்.

பெர்சிஸ் பதிவேட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். திருப்பத்துக்கு வந்தபோது நேசையா கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, பன்னிரண்டாவது படிக்கு வந்திருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர் அங்கேயே படியில் உட்கார்ந்தார். அவளும் சுவரில் கட்டையைச் சாய்த்துவிட்டு, கேலிப்பரின் பூட்டைத் திறந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாதி வழியில சந்திச்சுக்கிட நாம என்ன சமாதானப் பேச்சா நடத்துதோம்?" என்றார் நேசையா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலித்தது. பதிவேட்டைத் தன் மடியில் விரித்துப் பக்கத்தைக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டார். மேலே போகிறவர்கள், கீழே வருகிறவர்கள் எல்லாம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"தெனம் இதுல ஏறுதியா?"

"ஆமா சார்."

"எழுதிக் கொடுத்தியா?"

"வாயாலதான் கேட்டேன். எழுதலை. எழுதி எழுதிச் சலிச்சுப் போச்சு சார்."

நேசையா பேனாவை மூடிப் பையில் செருகினார். "சலிச்சதுனால விட்டுட்டியா?" என்று கேட்டார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. வகுப்பில் ஒரு கணக்கை எந்த இடத்தில் விட்டாய் என்று கேட்கிற குரல். அவள் பதிவேட்டை மூடினாள். அவரை இறக்கிவிடப் பாபநாசத்தைக் கூப்பிட்டாள்.

பவள விழா ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை. புது ஹாலில் முந்நூறு பேர். மேடைக்கு நான்கு படி, மரத்தில். பெர்சிஸ் பெயரைக் கூப்பிட்டதும் விழாக் குழு இளைஞர்கள் நான்கு பேர் அவள் நாற்காலியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் குனிந்து, "ஆன்ட்டி, நீங்க அப்படியே உக்காந்துக்கிடுங்க, நாங்க தூக்கிருதோம்," என்றான். வேட்டியில் சந்தன வாசம்.

"வேண்டாம்பா. மைக்கை இங்கன கொண்டு வா."

"மேடையில போட்டோ எடுப்பாங்க ஆன்ட்டி."

"மைக்கைக் கொண்டு வா."

மைக் வந்தது. அவள் எழுந்து நிற்கவில்லை. முன்வரிசையில் அம்மா, பச்சைத் துணி எடுத்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவதென்று பெர்சிஸ் எழுதி வைத்திருக்கவில்லை. வாய் உலர்ந்திருந்தது, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை.

"என்னைச் சாட்சி சொல்லச் சொன்னாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் தெனம் இருபத்து நாலு படி ஏறுதேன். தன்னம்பிக்கையில ஏறலை. வேற வழியில்லாம ஏறுதேன். கீழ எனக்கு ஒரு மேசை போட்டுத் தாங்க. அவ்வளவுதான்."

பிறகு யாரோ ஒருவர் கைதட்டினார். உடனே ஹால் முழுக்கக் கைதட்டல். தாளாளர் மேடையில் எழுந்து நின்று தட்டினார். "என்ன தாழ்மை பாருங்க, எவ்வளவு எளிமையாச் சொல்லிட்டாங்க," என்று மைக்கில் சொன்னார் தொகுப்பாளர். அடுத்து மாணவிகளின் கோலாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு, "அந்த மைதானத்துல அன்னைக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது," என்றாள். முப்பத்தாறு வருடம் கழித்து. பெர்சிஸ் கேலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தோல் வார் அழுத்திய இடத்தில் தொடை சிவந்திருந்தது.

"அதுக்கென்னம்மா இப்ப," என்றாள். அம்மா தேங்காயெண்ணெய் எடுத்து வந்து, அந்தச் சிவந்த இடத்தில் பையத் தடவினாள்.

திங்கட்கிழமை எபனேசர் அவளைக் கூப்பிடவில்லை. செவ்வாயும் இல்லை. எல்லோரும் அவள் பேச்சைப் பாராட்டினார்கள். மேசையைப் பற்றி யாரும் பேசவில்லை. புதன்கிழமை மாலை எல்லோரும் போன பிறகு பெர்சிஸ் கணினியில் ஒரு பக்கம் தட்டினாள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டத்தைக் குறிப்பிட்டு, தேதி போட்டு, பெறுநர் தாளாளர், நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் என்று அடித்தாள். நகல் என்ற அந்த ஒரு வரியை அடிக்கத்தான் நேரமானது. அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள்.

நேசையாவுக்குப் போன் செய்தாள். அவர் மறுநாளே மஞ்சள் பையோடு வந்து கீழ்ப்படியிலேயே உட்கார்ந்து மனுவை வாங்கிக்கொண்டு போனார். படியேற முடியாமல் திரும்பிப் போன பழைய ஆசிரியர்களை வீடு வீடாகத் தேடினார். பக்கத்து வீடுகளுக்கு நடந்தும், தூரத்து வீடுகளுக்கு ஆட்டோவிலும் போனார். பதினேழு கையெழுத்து. அதில் இரண்டு வெறும் கிறுக்கல் மாதிரி இருந்தன. பார்க்கின்சன் வந்த கைகள்.

மனு போன ஒன்பதாம் நாள் பின்னறையிலிருந்து நாற்காலிகள் வெளியே போயின. பழைய பெஞ்சுகளும் போயின. வெள்ளையடித்தார்கள். அவள் மேசை இறங்கி வந்தது. வாசலில் இருந்த ஒற்றைப் படியைச் சிமென்டால் சரிவாக்கினார்கள். தாளாளர் நாடா வெட்டி ஜெபித்தார். சங்கத்தின் மாத இதழில் படம் வந்தது: 'மாற்றுத்திறனாளிச் சகோதரிக்கு நிர்வாகத்தின் அன்புப் பரிசு.' அன்றிலிருந்து எபனேசர் அவளிடம் முன்போல் நின்று பேசுவதில்லை. "நகல் அனுப்பணும்னு என்ன இருந்தது? நம்ம வீட்டு விசயம்லா," என்று பொன்செல்வியிடம் சொன்னாராம்.

அறை சின்னது. மதியத்துக்கு மேல் வெயில் சுவரில் இறங்கும். ஆனால் கழிப்பறை பத்து எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. முதல் வாரம் அவள் தினமும் ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்துத் தீர்த்தாள். கீழே வந்த பிறகு முதியவர்கள் எல்லோரும் அவளிடமே வந்தார்கள். ஓய்வூதியம் மட்டுமில்லை, கல்விக் கடன், சாதிச் சான்று, பேரனின் மாற்றுச் சான்றிதழ் என்று எதைக் கொண்டுவந்தாலும் "கீழ பெர்சிஸ் இருக்கா" என்று மேலேயிருந்து அனுப்பினார்கள். மாலையில் தோள் முன்பு வலித்த அளவுக்கே வலித்தது. காரணம் மட்டும் வேறு.

பீரோக்கள் இறங்கவில்லை. கனம், அறையில் இடமில்லை என்றார்கள். எந்தக் கோப்பு வேண்டுமென்றாலும் பாபநாசம் மேலே போய் எடுத்துவர வேண்டும். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை, இருபது தடவை. மார்ச் மாதம் ஒரு மதியம் அவர் கோப்பை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் தரையில் உட்கார்ந்தார். வலது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்ல. செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்." காலை நீட்டி மடக்கினார். எலும்பு நெரிகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. "தேஞ்சு போச்சுன்னாரு டாக்டர். படியேறக் கூடாதுன்னாரு. நான் எங்கன போவ?"

பெர்சிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். தன் படிகளையெல்லாம் அவர் ஏறிக்கொண்டிருந்தார் என்பது இத்தனை நாள் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கோப்பு கேட்டிருந்தாள்.

"ஒங்களுக்கு வயசு எத்தன அண்ணாச்சி?"

"அம்பத்தெட்டு. எதுக்குக் கேக்க?"

"பீரோவைக் கீழ எறக்கச் சொல்லி எழுதலாம். டாக்டர் சீட்டு வச்சிருக்கீங்களா?"

"எம் பேர்ல வேண்டாம் தங்கச்சி." அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "எனக்கு இன்னும் ரெண்டு வருசம்தான் இருக்கு. எங்க சின்னவனுக்கு இங்கன வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேன். நீ எழுதுனா ஒன் பேர்ல எழுது."

மறுபடியும் தன் பேர். மறுபடியும் எபனேசரின் முகம். மறுபடியும் ஒரு பக்கம், ஒரு தேதி, ஒரு நகல். வெளியே ஹாலில் யாருக்கோ வரவேற்புப் பாட்டுக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

"சரி," என்றாள். "நாலு மணிக்கு மேல எழுதுதேன். அதுவரைக்கும் மேல போகாதீங்க. யாராவது கேட்டா, நாளைக்கு வரச் சொன்னேன்னு சொல்லுங்க."

பாபநாசம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள், வெளியே காத்திருந்த ஓர் அம்மாளைக் கூப்பிட்டு, அவர் கொண்டுவந்த காகிதத்தை வாங்கிப் பார்க்கத் தொடங்கினாள். மனுவை அன்றே அடித்தாள், மறுநாள் கொடுத்தாள். ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.